மூன்றரை அங்குலத் திரையும் மூன்று மடங்கு பிட்டும்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவு 8,590 ரூபா. போனது ஐந்து ஞாயிற்றுக்கிழமை. 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு நான்கு தடவை. இவ்வளவுக்கும் பிறகு நானே கட்டிய கேம் கொன்சோலின் முகத்தில் இருப்பது 2022இல் ஒட்டிய அதே 2.4 அங்குலத் திரைதான். பெரிதாக்க வேண்டும் என்று தொடங்கியதே அந்தத் திரையைத்தான். அது மட்டும் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறிவிட்டது. புதிதாக வாங்கிய 5,800 ரூபாத் திரை மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இந்தப் பெட்டி மின்வெட்டுக் காலத்தில் பிறந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது அக்காவின் மகனுக்கு ஏழு வயது, இருட்டில் அவனை ஓரிடத்தில் இருத்த ஏதாவது வேண்டியிருந்தது. வேறு ஏதோ வேலைக்கென்று வாங்கிய இஎஸ்பி32 ரோவர் பலகை (சின்னக் கணினிச் சிப் ஏற்றிய சுற்றுப்பலகை) ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. தென்கொரியாவின் ஹார்ட்கேர்னல் நிறுவனம் 2018இல் ஓட்ராய்ட் கோ என்ற கைக்கொன்சோலை விற்கத் தொடங்கியபோது அதன் சுற்றுப்படத்தையும் வெளியிட்டிருந்தது. பலகையின் எந்தப் பின் (வயர் இணைக்கும் கால்) எதற்குப் போகிறது என்பதை அப்படியே பின்பற்றினால் அதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள் ஒரு வரியும் மாற்றாமல் ஓடும். அப்படியே செய்தேன். திரைக்கு 18, 23, 5, 21. ஏ பொத்தான் 32, பி பொத்தான் 33. திசைப் பொத்தான்கள் நான்கும் இரண்டு பின்களில்தான் இருக்கின்றன: மேலே அழுத்தினால் 3.3 வோல்ட் முழுதாகப் போகும், கீழே அழுத்தினால் இரண்டு ரெசிஸ்டர்களுக்கு நடுவிலிருந்து பாதி போகும், மென்பொருள் அளந்து பார்த்து எது என்று தெரிந்துகொள்ளும். இதில் நான் விட்ட பிழை ஸ்டார்ட் பொத்தானில். அது 39ஆம் பின். 34 முதல் 39 வரையான பின்களுக்கு உள்ளே புல்-அப் (பொத்தானை அழுத்தாதபோது பின்னை 3.3 வோல்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது, வெளியே ஒரு 10 கிலோ ஓம் போட வேண்டும். போடாததால் விளையாட்டு தானாக நின்று நின்று ஓடியது. பேய் அழுத்துகிறது என்று பையன் கொஞ்ச நாள் நம்பியிருந்தான்.

ஓடுவது ரெட்ரோ கோ, பழைய கொன்சோல்களைப் போல நடிக்கும் மென்பொருள். நின்டெண்டோவின் பழைய 8 பிட் கேம்கள், கேம் போய், சேகா மாஸ்டர் சிஸ்டம் எல்லாம் அதிலேயே ஓடும். தொண்ணூறுகளில் நாங்கள் ரிவி கேம் என்று சொல்லி, கார்ட்ரிட்ஜை வாயால் ஊதி ஊதிப் போட்டு ஆடியவை.

இப்போது பையன் வளர்ந்துவிட்டான், முறைப்பாடுகளும் வளர்ந்துவிட்டன. "மாமா, ஸ்கிரீன் சரியான சின்னன்." அது முதலாவது. சத்தத்தோடு எப்போதும் ஒரு இரைச்சல், திரை வெளிச்சத்தைக் குறைத்தால் அது கீச்சென்று கத்தும். இரண்டு மணிநேரத்தில் தானாக அணைந்துவிடும், பெட்டரி பாதியிருந்தாலும். பி பொத்தானை மூன்று தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை வேலை செய்யும். இந்த வரிசையில்தான் அவன் சொன்னான், அந்த வரிசையிலேயே நானும் பணத்தைப் போட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

முழுப் பலகையையும் தூக்கிவிட்டு ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ போடலாமா என்றும் யோசித்தேன். நான்கு கோர், ஒரு கிகாஹெர்ட்ஸ், 512 மெகாபைட் ரேம், இதைவிடப் பெரிய கொன்சோல்களின் கேம்களும் ஓடும். ஆனால் அது முழு லினக்ஸ். சுவிச்சைப் போட்டதும் விளையாட முடியாது, அணைக்கும்போதும் முறையாக அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெமரி கார்ட் பழுதாகலாம். சாப்பிடக் கூப்பிட்டால் சுவிச்சைத் தட்டிவிட்டு ஓடும் பையனிடம் அது எத்தனை நாள் தாங்கும்? அடுத்தது இஎஸ்பி32 எஸ்3. வேகம் கொஞ்சம் கூட, ஆனால் பழைய இஎஸ்பி32இல் இருக்கிற அனலாக் ஒலி வெளியீடு அதில் இல்லவே இல்லை, பின்களும் வேறு. எல்லா வயரையும் கழற்றி மறுபடி கட்ட வேண்டும். சரி, பலகை இருக்கட்டும், திரையை மட்டும் மாற்றுவோம் என்று முடிவெடுத்தேன்.

பழைய திரையில் இருப்பது ஐஎல்ஐ9341 சிப், 320க்கு 240 புள்ளி. புதிதாக நான் வாங்கியது 3.5 அங்குலம், 480க்கு 320, ஐஎல்ஐ9488. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது அல்லவா, பின்களும் அதே பெயரில் அதே வரிசையில் இருந்தன, இஎஸ்பி32க்குப் பொருந்தும் என்று விற்பனைக் குறிப்பிலும் போட்டிருந்தது. பொய் இல்லை. பொருந்தும்தான்.

முதல் ஞாயிறு: பழைய திரையைக் கழற்றி, 12 சென்டிமீற்றர் வயர்களால் புதியதைத் தொங்கவிட்டுச் சுவிச்சைப் போட்டேன். வெறும் வெள்ளை. அது எதிர்பார்த்ததே, தொடக்கக் கட்டளைகள் வேறு. மென்பொருளில் திரைப் பகுதியைத் திறந்து ஐஎல்ஐ9488இன் கட்டளை வரிசையைப் போட்டதும் படம் வந்தது, ஆனால் கிழிந்த சேலையைப் பார்ப்பது போல் நிறம் எல்லாம் சிதறி, இழுபட்டு. ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் நிறம் என்று சொல்லும் கட்டளை பதினறும எண்ணில் 3ஏ. அதற்கு 55 என்று கொடுத்தால் 16 பிட், 66 என்றால் 18 பிட். நான் 55 கொடுத்திருந்தேன், பழைய திரைக்கு அதுதான். இரவு பத்தரை மணிவரை வயர்களை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது: ஐஎல்ஐ9488 எஸ்பிஐ (ஒரே வயரில் பிட் பிட்டாக அனுப்பும் முறை) வழியாக வரும்போது 16 பிட் நிறத்தை ஏற்காது, 18 பிட்தான். 18 பிட்டை அனுப்ப ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட், அதாவது 24 பிட் அனுப்ப வேண்டும்.

அன்றைக்கே ஒரு கடதாசியில் பெருக்கிப் பார்த்திருந்தால் மிச்ச ஞாயிறுகள் தப்பியிருக்கும். பார்க்கவில்லை. மூன்று பைட் அனுப்பும்படி மாற்றினேன், நிறம் சரியாக வந்தது, "வந்திட்டுது!" என்று அக்காவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த சிக்கல் மெமரி கார்ட். திரையும் கார்டும் ஒரே எஸ்பிஐ வயர்களைப் பகிர்கின்றன. புதிய திரை வந்ததிலிருந்து கார்ட் இல்லை என்றே செய்தி வந்தது. வேறு கார்ட் போட்டேன், வடிவமைத்துப் பார்த்தேன், கார்ட் சொருகும் பலகையைக்கூடப் புதிதாக வாங்கப் போனேன். காரணம் திரையின் எஸ்டிஓ பின், திரை தன் தகவலை வெளியே அனுப்பும் பின். தன்னுடன் யாரும் கதைக்காத நேரத்தில் அந்தப் பின் வயரை விட்டுவிட வேண்டும், இந்தத் திரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, கார்ட் சொல்வது உள்ளே போவதில்லை. ஐஎல்ஐ9488க்கு இது தெரிந்த குணம்தான், எனக்குத்தான் தெரியாது. திரையிலிருந்து எதையும் வாசிக்கத் தேவையில்லை என்பதால் அந்த ஒரு வயரை வெட்டிவிட்டேன். கார்ட் உடனே வந்தது. திரை வாங்குகிறவர்கள் அந்த வயரைப் போடாமலே விடுங்கள்.

மூன்றாம் ஞாயிறு கேம் ஓடியது. ஓடியது என்று சொல்லக்கூடாது, நடந்தது. பையன் இரண்டு நிமிடம் பிடித்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் கடதாசியை எடுத்தேன். பழைய திரை: 320க்கு 240, மொத்தம் 76,800 புள்ளி, புள்ளிக்கு 16 பிட், ஒரு முழுப் படத்துக்கு 12 இலட்சத்து 28 ஆயிரத்து 800 பிட். எஸ்பிஐ 40 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஆக விநாடிக்கு 32 முழுப் படம். படத்தில் மாறிய வரிகளை மட்டும் அனுப்பும் தந்திரம் மென்பொருளில் இருப்பதால் ஆடும்போது அதுவே போதும். புதிய திரை: 480க்கு 320, மொத்தம் 1,53,600 புள்ளி, புள்ளிக்கு 24 பிட், 36 இலட்சத்து 86 ஆயிரத்து 400 பிட். சரியாக மூன்று மடங்கு, ஒரு பிட் கூடவும் இல்லை குறையவும் இல்லை. 32ஐ மூன்றால் பிரித்தால் 11கூட இல்லை. எந்தப் பெரிய சிப்பைப் போட்டாலும் இந்த வயர் அகலமாகாது.

விடவில்லை. எஸ்பிஐயை 80க்கு உயர்த்தினேன். 40க்கும் 80க்கும் நடுவில் இடமில்லை, 80ஐ முழு எண்ணால் வகுத்து வருவதுதான் கிடைக்கும். 80இல் திரை முழுக்க மிளகு தூவியது போல் புள்ளிகள். வயரை 12 சென்டிமீற்றரிலிருந்து 5ஆகக் குறைத்ததும் மிளகு குறைந்தது, போகவில்லை. போயிருந்தாலும் விநாடிக்கு 21 படம்தான்.

கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. முழுத்திரைக்கும் அனுப்பாமல் நடுவில் 320க்கு 240 இடத்தில் மட்டும் காட்டி, சுற்றிவரக் கறுப்பாக விடுவது. 40இலேயே 21 படம் வருகிறது, அசைவும் பரவாயில்லை. ஆனால் படம் பழக்கப்பட்ட அளவில் தெரிந்தது, எனக்குச் சந்தேகம் வந்தது. அடிமட்டத்தை வைத்து அளந்தேன். 49 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 37. கழற்றி வைத்திருந்த பழைய திரையையும் அளந்தேன். 49க்கு 37. இந்த இரண்டு திரைகளிலும் ஒரு புள்ளியின் அளவு ஒன்றேதான், புதியதில் புள்ளிகள் அதிகம், அவ்வளவுதான். 5,800 ரூபா கொடுத்து அதே 2.4 அங்குலப் படத்தைக் கறுப்புச் சட்டத்துக்குள் போட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் கதிரையில் சாய்ந்து இருந்தேன். காலி வீதியில் பஸ் ஹோர்ன் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனாலும் அந்தத் திரையால் ஒரு நன்மை கிடைத்தது. அதன் பின்வெளிச்சம் அதிக மின்சாரம் இழுத்ததால், இரண்டு மணிநேரத்தில் அணையும் பெட்டி அரை மணிநேரத்திலேயே அணையத் தொடங்கியது. பழைய திரையுடன் மொத்தம் 190 மில்லியாம்பியர், புதியதுடன் 250. மீற்றர் மேசையில் இருந்ததால் அணைந்த உடனேயே பெட்டரியை அளந்து பார்த்தேன்: 3.76 வோல்ட். லித்தியம் செல் ஒன்றுக்கு அது காலியான நிலையே இல்லை. பலகையின் 3.3 வோல்ட் இடத்தில் அளந்தால் 2.7. கணினியில் செருகிப் பார்த்தால் பிரவுன் அவுட், அதாவது வோல்ட் போதவில்லை என்ற செய்தி.

காரணம் 2022இல் நான் செய்த சோம்பேறித்தனம். பலகையில் இருக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டை இறக்கி நிலையாக வைக்கும் சிப்) 3.3 வோல்ட் தர வேண்டுமென்றால் உள்ளே போவது அதைவிட ஒரு வோல்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்டுக்காகச் செய்தது அது. நான் 3.7 வோல்ட் செல்லை நேரடியாக 5 வோல்ட் பின்னில் கொடுத்திருந்தேன். செல் 4.2இல் நிறைந்திருக்கும்போதே அரைகுறையாகத்தான் ஓடியிருக்கிறது, கொஞ்சம் இறங்கியதும் கார்ட் வாசிக்கும் ஒரு நொடியில் விழுந்துவிடுகிறது. மூன்று வருடமாகப் பெட்டரி பழுது என்று நினைத்து அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எம்டி3608 என்ற பூஸ்ட் பலகை, 220 ரூபா. செல்லிலிருந்து 5 வோல்ட் ஆக்கித் தரும். இதை வாங்குகிறவர்கள் எதிலும் இணைக்க முன்னர் வெளியீட்டை அளந்து பார்க்க வேண்டும், கடையிலிருந்து வரும்போது எங்கே திருகி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. என்னுடையது 19 வோல்ட் காட்டியது. சின்ன மஞ்சள் திருகாணியை இடப்பக்கம் திருகினேன், திருகினேன், ஒன்றும் மாறவில்லை. பழுது என்று வைத்துவிடப் போனேன், பதினைந்தாவது சுற்றுக்குப் பிறகு சடாரென்று இறங்கத் தொடங்கியது. 5.05இல் நிறுத்தி ஒரு துளி நகப்பூச்சு வைத்தேன். அக்காவின் சிவப்பு.

செல்லையும் மாற்றினேன். பழையது இறந்துபோன மடிக்கணினியிலிருந்து எடுத்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான் வழக்கமாகப் போகிற கடையில் கடைக்கார நானா எடுத்து நீட்டியதில் 9900 எம்ஏஎச் (மில்லியாம்பியர் மணி, செல்லின் கொள்ளளவு) என்று எழுதியிருந்தது. "இது நல்லா நிக்கும் தம்பி." 18650 என்ற இந்த அளவு செல்லில் 3,500ஐத் தாண்டுவதே பெரிய காரியம். நான் பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்தேன், கையடக்கமானது, கேக் செய்ய அக்கா வைத்திருப்பது. 9900 என்று எழுதியது 28 கிராம். பக்கத்தில் 2600 என்று எழுதியிருந்தது 45 கிராம். நல்ல செல் அந்த 45ஐ ஒட்டித்தான் இருக்கும். நானா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க அதையே எடுங்க." 1,100 ரூபா. அடுத்த தடவை போனபோது, தராசு கொண்டு வந்தீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் சாமானைக் காட்டினார்.

சார்ஜ் பலகையை, டிபி4056, 120 ரூபாதானே என்று அதையும் புதிதாகவே போட்டேன். வரும்போது அதில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதற்கு ஒரு ஆம்பியர் சார்ஜ். 2 கிலோ ஓமாக மாற்றினால் 580 மில்லியாம்பியர். சூடு குறைந்தது, மூடிய பெட்டிக்குள் எனக்கு அதுதான் வேண்டும். இப்போது ஒரு சார்ஜுக்கு ஆறரை மணிநேரம் ஓடுகிறது. பூஸ்ட் பலகை கொஞ்சத்தைத் தின்றும் அவ்வளவு.

சத்தம் மாற்றுவதற்கு ஒரே மாலைதான் எடுத்தது. பணம் போட்டதில் முழுத் திருப்தி தந்ததும் அதுவே. பழையது இஎஸ்பி32இன் உள்ளே இருக்கிற 8 பிட் ஒலி வெளியீடு, அதன் பின்னால் ஒரு சின்னப் பெருக்கி. இரைச்சல் அங்கிருந்துதான், பின்வெளிச்சத்தைக் குறைக்க அதை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதால் வரும் கீச்சும் அதே வழியாக ஏறியது. அதற்குப் பதிலாக மேக்ஸ்98357ஏ, 850 ரூபா. சத்தம் எண்களாகவே அதற்குள் போய் அங்கேதான் ஒலியாக மாறுகிறது, நடுவில் இரைச்சல் ஏற இடமில்லை. மூன்று வயர்: 4, 12, 15. இந்த மூன்று பின்களையும் ரெட்ரோ கோ ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறது, மெனுவில் ஒலி வெளியீட்டை மாற்றினால் போதும். 16, 17 ஆகியவற்றை இந்த ரோவரில் பிஎஸ்ரேம் (மேலதிக நினைவகச் சிப்) பிடித்துக்கொண்டிருப்பதால் அங்கே கை வைக்க வேண்டாம். 12இலும் ஒரு சூட்சுமம் உண்டு, சுவிச் போடும் நொடியில் அது உயர்ந்திருந்தால் மென்பொருள் இருக்கும் பிளாஷ் சிப்புக்கு 3.3க்குப் பதில் 1.8 வோல்ட் போகும், பலகை எழும்பாது. வேறொரு வேலையில் அந்தப் பின்னுக்குப் புல்-அப் போட்டு ஒரு முழு மாலை தொலைத்திருக்கிறேன். இந்தப் பெருக்கி அதை மேலே இழுப்பதில்லை, பிரச்சினை வரவில்லை.

பெருக்கிக்கு மின்சாரத்தை 5 வோல்டிலிருந்து எடுக்காமல் செல்லிலிருந்து நேராகக் கொடுத்தேன். 2.5 வோல்ட் வரை அது ஓடும், பூஸ்ட் பலகைக்குச் சுமையும் குறையும். 350 ரூபாவுக்கு ஒரு 4 ஓம் ஸ்பீக்கர். முதல் தடவை போட்டபோது சத்தம் தாங்க முடியவில்லை, "அதைக் குறை" என்று அம்மா சாமியறையிலிருந்து கத்தினார். சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்று சொல்லும் கெயின் பின்னை எதிலும் தொடாமல் விட்டால் 9 டெசிபெல், மின்சாரத்துடன் சேர்த்துவிட்டால் 6. சேர்த்துவிட்டேன்.

பொத்தான்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் வீடு, ரயில் பாதையைத் தாண்டினால் கடல். உப்புக்காற்று யன்னல் பிணைச்சலையே தின்கிறது, 25 ரூபாப் பொத்தானை விடுமா. பி பொத்தானைக் கழற்றி மூடியைத் திறந்தால் உள்ளே தகட்டில் பச்சை பிடித்திருந்தது. ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்ததும் வேலை செய்தது, இரண்டு நாள். ஆறு பொத்தான்களை மாற்றினேன், 150 ரூபா. இன்னொரு வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டிவரும் என்று தெரியும்.

ஆக 8,590இல் திரையைக் கழித்தால் 2,790 ரூபா. அவ்வளவுக்குத்தான் இந்தப் பெட்டி மாறியிருக்கிறது. மறுபடி செய்வதானால் திரையை வாங்க முன்னர் புள்ளிகளையும் பிட்டையும் பெருக்கிப் பார்ப்பேன், மின்சாரத்தை முதலில் அளப்பேன், 3.5 அங்குலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எஸ்டி7796 சிப் உள்ளதைத் தேடுவேன், அது எஸ்பிஐயில் 16 பிட்டை ஏற்கும். ஆனால் அதிலும் பிட் இரண்டு மடங்கு, விநாடிக்கு 16 படம். நியாயமான வழி வேறு: அதே ஐஎல்ஐ9341, அதே 320க்கு 240, ஆனால் 2.8 அங்குலம். புள்ளிகள்தான் பெரிது. வயரும் மாறாது, ஒரு வரி மென்பொருளும் மாறாது.

அதே நானாவின் கடையில் 3,400 சொன்னார். இன்னும் வாங்கவில்லை. பழையது 49 மில்லிமீற்றர், இது 57.6 என்று பையனிடம் சொன்னேன். அவன் அடிமட்டத்தை எடுத்து அந்த 8.6 மில்லிமீற்றரைத் தன் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மாமா?" என்று கேட்டான். பெட்டியின் முகப்பை அதற்கேற்ப அராவ வேண்டும், அதுவும் ஒரு ஞாயிறு. சம்பளம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.